ஜூன் பதினான்குக்கு முன்

செல்வினைப் பற்றி உத்தமபாளையம் கோர்ட் ரோட்டில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்த ஆள் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்பார்கள். கூரியர்காரர் அவசரமாக நீட்டும் சீட்டைக்கூட வாங்கி, மேலிருந்து கீழ்வரை வாசித்து, திருப்பிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பான். கூரியர்காரர் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு நிற்பார். பின்னால் வாழைத்தார் லாரி ஹாரன் அடிக்கும். இவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பான்.

நான் வேல்பாண்டி. பன்னிரண்டு வருஷம் அவனோடு ஒரே கடையில் உட்கார்ந்தவன். அவன் பெயரைக் கெடுத்தவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பொத்தி வைத்திருந்து உங்களை அசத்துகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. பொத்தி வைத்துப் பட்டது போதும்.

செல்வினுக்குச் சொந்த ஊர் போடி. அவன் அப்பா ஞானசிகாமணி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஒரே பையன், கடையில்தான் உட்காருவான் என்று எல்லோரும் நினைத்திருக்க, இவன் கம்ப்யூட்டர் படிக்க உத்தமபாளையத்துக்கு வந்து சேர்ந்தான். நான் கோம்பைக்காரன், எங்களுக்குத் தென்னையும் கொஞ்சம் வாழையும் உண்டு. கல்லூரியில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் கோர்ட் ரோட்டில் கடை பிடித்து 'செல்வின் கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு மாட்டினோம். உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலையெல்லாம் அவனுக்கு, வெளியே நாலு பேரிடம் வாய் பேசும் வேலையெல்லாம் எனக்கு. என் பெயரையும் போர்டில் சேர்க்கலாம் என்று அவன்தான் சொன்னான். நீளமாகிவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

எனக்கும் உமாதேவிக்கும் கல்யாணம் பதிவு செய்யப் போனபோது செல்வின்தான் சாட்சி. மாலையும் கழுத்துமாக நாங்கள் நிற்கிறோம். இவன் நாலு பக்கத்தையும் நின்றபடியே வாசிக்கிறான். உனக்கென்னடா, கையெழுத்தைப் போட்டுத் தொலையேன் என்று நான் அவன் இடுப்பில் இடித்தேன். அவன் படிவத்தை என் மூஞ்சிக்கு நேராகத் திருப்பிக் காட்டினான். நான் நிரப்பிய படிவம்தான். கல்யாணத் தேதியில் வருஷத்தை மாற்றி எழுதியிருந்தேன். அதைத் திருத்திப் புதிதாக எழுதிக் கொடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் கூட்டாளி என்ன வக்கீலா என்று என் மாமியார் கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?

கோர்ட்டைச் சுற்றி இருபது டைப்பிங் கடையாவது இருக்கும். மனு, வாக்குமூலம், பாகப்பிரிவினை என்று வருஷக்கணக்காகத் தமிழில் அடித்துச் சேர்த்து வைத்திருப்பார்கள். எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். செல்வின் அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினான். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற குட்டி மென்பொருளை அப்படித்தான் சொல்வோம். பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றுவதுதான் அதன் வேலை. 'மாற்றி' என்றே பெயர் வைத்தான். லோயர் கேம்ப்பிலிருந்து தேனி வரை அறுபத்து மூன்று இடத்தில் அது ஓடியது. டைப்பிங் கடை, பத்திரம் எழுதுகிறவர்கள், மூன்று பள்ளிக்கூடம், ஒரு சர்ச் அலுவலகம்.

சில வருஷம் கழித்து, டைப் அடிக்கிற அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. அதில் எக்ஸ்டென்ஷன் பொட்டலத்தைப் போடப் போனால் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நின்றது. இந்தப் பொட்டலத்தைக் கொடுத்தது யார் என்று தெரியவில்லை, போட்டால் உங்கள் பாடு என்று ஆங்கிலத்தில் மிரட்டியது. ஜனம் பயந்துவிட்டது. அந்தக் கட்டம் வராமல் இருக்க வேண்டுமென்றால் எழுதியவன் பொட்டலத்தின் மேல் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். இதை எழுதியது நான்தான், எனக்குப் பிறகு யாரும் இதில் கை வைக்கவில்லை என்பதுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் கையெழுத்து செல்லாது.

அதற்கான சான்றிதழ் வாங்க செல்வின் நாற்பது நாள் அலைந்தான். பான் கார்டு, கடையின் முகவரிக்குச் சான்று, வீடியோவில் முகத்தைக் காட்டு, திரும்பிக் காட்டு என்று ஆயிரம் கேள்வி. கடைசியில் பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன் கூரியரில் வந்தது. அன்றிலிருந்து 'மாற்றி'யைப் போடும்போது சிவப்புக் கட்டம் போய், வெளியிட்டவர் என்று செல்வின் ஞானசிகாமணியின் பெயர் வந்தது. மற்ற ஆங்கிலத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள். அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஓகே தட்டுவார்கள். நம்ம செல்வின் தம்பி போட்டது, கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம் என்பது கோர்ட் ரோட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இங்கே எங்கள் கடையின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. வாழைக்காய் மண்டிக்காரர், திராட்சைத் தோட்டக்காரர், ரோடு காண்ட்ராக்டர் என்று பதினேழு பேருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அதில் தொங்கும். ஒவ்வொன்றிலும் மருத்துவமனை பிளாஸ்திரி ஒட்டி, பெயரும் ரகசிய எண்ணும் எழுதியிருக்கும். ரகசிய எண்ணைப் போகிற வருகிறவர்கள் எல்லோரும் வாசிக்கலாம். டெண்டர், வரி என்று எது வந்தாலும் சொந்தக்காரர் வர மாட்டார். "நீயே போட்டுக்க வேலு" என்று போனில் சொல்வார். நானே போடுவேன். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாலும் இதே பலகையைப் பார்க்கலாம். நம்பிக்கைதான், தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எட்டுப் பேருடைய கையெழுத்தை டீ குடித்துக்கொண்டே போட்டுப் பழகிய கை என்னுடைய கை. செல்வினின் டோக்கன் வந்த அன்று அதற்கும் மேல் வரிசையில் ஆணி அடித்து மாட்டினேன். அவன் பேசாமல் வந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் கையெழுத்துப் போடுகிற விதமே வேறு. வேலை முடிந்த அன்று போட மாட்டான். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் அடுத்தவன் எழுதியதைப் போல வாசிப்பான். கடையின் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டு ஒரு நாள் ஓடவிடுவான். அதற்குப் பிறகுதான் டோக்கனைச் சொருகுவான். எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் போட்டது என்று இணையத்திலிருந்து ஒரு முத்திரையும் அதில் விழ வேண்டும். நெட் இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பான். நீயே எழுதி நீயே வாசித்து நீயே உனக்கு மார்க் போடுகிறாயா என்று நான் கிண்டல் பண்ணுவேன். ஆமாம் என்பான்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு மே மாதம் அவன் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. 'மாற்றி'யில் ஒரு சின்னத் திருத்தம் செய்து ஐந்தாம் தேதி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, செல்வினும் அவன் மனைவி ஷீபாவும் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், ஏதாவது அவசரம் வந்தால் தானே எழுதி அனுப்புவதாகவும் நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் சொல்லி டோக்கனை என்னிடம் கொடுத்தான். எண்ணைக் காதில் சொன்னான். பஸ் ஏறும் முன்னால் திரும்பி வந்து, "வாசிக்காமப் போடாத வேலு" என்றான். சரிடா, போடா, அப்பாவைப் பார் என்று விரட்டினேன். அவன் சொன்ன மாதிரி அவசரம் எதுவும் வரவே இல்லை.

வந்தது என் மச்சினன் அஜய்குமார். உமாதேவியின் தம்பி, கம்பத்தில் இருக்கிறான். படிப்பு முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தவன் அப்போதுதான் சொந்தமாக ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதியிருந்தான். செல்வினுடையது ஒவ்வொரு கோப்பாக மாற்றும். இவனுடையது ஒரு போல்டரையே மொத்தமாக மாற்றும். நாலு டைப்பிங் கடையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றான். "மாமா, செல்வின் அண்ணன் பேர மட்டும் போட்டுக் குடுங்க" என்றான். முந்தின நாளே உமாதேவியும் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும், உங்களுக்கென்ன ஒரு நிமிஷ வேலைதானே என்று.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மே இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. டோக்கனைச் சொருகினேன், எண்ணைத் தட்டினேன், முடிந்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அஜய்குமார் திரையில் வந்த செல்வினின் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்த நாலு கடையில் ஒன்று ஜோதிலட்சுமி அக்காவுடையது. கோர்ட்டுக்கு நேர் எதிரே ஒற்றை அறை. புருஷன் இல்லாமல் ஒண்டியாகப் பதினோரு வருஷம் அந்தக் கடையை நடத்தினார். அவருடைய சொத்தே அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கோப்புகள்தான். எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த சர்வே நம்பர், யாருக்கு யார் வாரிசு, எல்லாம் இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன் பாகப்பிரிவினை எழுதியவர் மறுபடி வந்தால், "ஒங்க ஃபைலு இங்கனதான் இருக்கு, உக்காருங்க" என்று திறந்து பத்து நிமிஷத்தில் புது மனுவை அடித்துக் கொடுத்துவிடுவார். அதற்காகவே சின்னமனூரிலிருந்துகூட வருவார்கள். மே மாதம் கோர்ட் விடுமுறை. அக்காவுக்கு வேலை இல்லாத நேரம். அஜய்குமார் போட்டுக் கொடுத்ததை வைத்துப் பதினோரு வருஷக் கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்றினார். நாலைந்தைத் திறந்து பார்த்தார், நன்றாக இருந்தது.

ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை, அஜய்குமார் திருத்தி எழுதியது என்று இன்னொரு பொட்டலத்தைக் கொண்டுவந்தான். அதற்கும் போட்டுக் கொடுத்தேன். அது வம்பை இழுத்துவிட்டது. போட்ட மூன்று கடையிலும் மென்பொருளே திறக்கவில்லை. ஜோதிலட்சுமி அக்கா மட்டும் கோர்ட் திறந்த பரபரப்பில் புதுசு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மற்ற மூவரும் என்னைக் கூப்பிடவில்லை. பெயர் யாருடையதோ அவனைத்தானே கூப்பிடுவார்கள். அப்பாவை அப்போதுதான் போடிக்குக் கூட்டிவந்திருந்த செல்வினுக்கு போன் மேல் போன்.

திங்கட்கிழமை காலை வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்துகிற ஜாதி இல்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அஜய்குமார் வந்ததையும் நான் போட்டுக் கொடுத்ததையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தன தடவ போட்ட வேலு?"

"ஒருக்காத்தான். வெள்ளிக்கெழம."

"மே மாசம் அவன் குடுத்தது?"

"அது கையெழுத்து இல்லாமத்தான் குடுத்தான். செவப்புக் கட்டத்தத் தட்டிவிட்டுட்டுப் போட்டுக்கிட்டாக."

"சரி" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒரு தடவை என்றால் தவறிப் போட்டுவிட்டான் என்றாகும். இரண்டு தடவை என்றால் இவன் புத்தியே இப்படித்தான் என்றாகும். அவன் முன்னால் அவ்வளவு கேவலமாக நிற்க எனக்கு மனசில்லை. தவிர, மே மாதத்தில் போட்டது நாலு வாரமாக ஒழுங்காகத்தானே ஓடுகிறது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அஜய்குமாரும் சொன்னான். அப்போதாவது பிரித்துப் பார்த்தேனா? இல்லை. மடப்பயல் நான்.

அந்த மூன்று கடையிலும் அஜய்குமாருடையதை எடுத்துப் போட்டுச் சரிசெய்துவிட்டு, செல்வின் சான்றிதழை ரத்து செய்ய எழுதினான். எந்தத் தேதியிலிருந்து ரத்து என்று கேட்பார்கள். அந்தத் தேதிக்கு முன் போட்டதெல்லாம் செல்லும், அதற்குப் பின் போட்டது ஒன்றும் செல்லாது. ஜூன் பதினான்கு என்று கொடுத்தான். என் பேச்சை நம்பிக் கொடுத்த தேதி அது.

அதோடு விடவில்லை. போனில் சொன்னால் ஜனம் குழம்பும் என்று அறுபத்து மூன்று இடத்துக்கும் நேரில் போனான். பத்து நாள், அவன் பைக்கில். நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டேன். தப்பு செய்தவன் கூடப் போவதுதான் மரியாதை என்று பெரிய மனுஷத்தனம் வேறு. கம்பம், கூடலூர், சின்னமனூர், வீரபாண்டி என்று ஒவ்வொரு கடையிலும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான். ஜூன் பதினான்குக்கு முன்னால் என் பெயரில் வந்ததெல்லாம் நான் வாசித்துப் போட்டது, பயப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதை நான் அறுபத்து மூன்று தடவை பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஜோதிலட்சுமி அக்கா கடைக்குப் போன அன்று ஊரில் மின்தடை. கதவைத் திறந்து வைத்து, அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. செல்வின் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னான்.

"தம்பி, எங்கிட்ட மே மாசம் போட்டது ஒண்ணு இருக்கு. ஒங்க பேருதான் வந்துச்சு. வச்சிருக்கவா, எடுத்துரவா?" என்று அக்கா கேட்டார்.

அவன் ஐந்தாம் தேதி அனுப்பியதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தான். மின்சாரம் இருந்திருந்தால் திறந்து பார்க்காமல் விட்டிருக்க மாட்டான். "மே மாசந்தானக்கா? அது நான் வாசிச்சது. இருக்கட்டும்" என்றான்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். செல்வின் என்னை நாலு திட்டுத் திட்டியிருப்பான், இல்லை திட்டாமலே இருந்திருப்பான். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றேன். அக்கா எங்கள் இருவருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை முதல் வாரம் அக்கா செல்வினுக்குப் போன் பண்ணி, உடனே வரச் சொல்லி அழுதார். அஜய்குமார் எழுதியதில் இரண்டு கோளாறு இருந்தது. ஒரு பக்கக் கோப்பை ஒழுங்காக மாற்றும். அதற்கு மேல் போனால் முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அக்கா மே மாதம் திறந்து பார்த்தவை எல்லாம் ஒரு பக்க மனுக்கள். ஜூனில் புது வேலையே சரியாக இருந்ததால் நீளமான பழைய கோப்பு எதையும் திறக்கவில்லை. மூலக் கோப்புகளை ஒரு ஓரமாக வைத்திருந்து, நாற்பத்தைந்து நாள் ஆனதும் அதுவாகவே அழித்துவிடும்படி எழுதியிருந்தான். இடம் அடைக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறான். நாற்பத்தைந்து நாள் ஆனது. அழித்துவிட்டது. பதினோரு வருஷத்துப் பாகப்பிரிவினை, உயில், வாக்குமூலம் எல்லாவற்றிலும் முதல் பக்கம் மட்டும் மிஞ்சியது.

செல்வின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினான். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறான். நான் எதிரே ஒரு காண்ட்ராக்டரின் டெண்டரை ஏற்றிக்கொண்டிருந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான்.

"மே இருவத்தொண்ணு, பதினொண்ணு நாப்பத்திரண்டு. அந்நேரம் நான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

நான் ஏற்றிக்கொண்டிருந்த டெண்டர் பாதியில் நின்றது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா தேதிய மே இருவதுன்னு குடுத்திருப்பேன் வேலு. அஞ்சாந்தேதிக்குப் பெறகு நான் ஒண்ணுமே போடல. ஒண்ணுமே போயிருக்காது."

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை. அவனுடைய வேலை ஒன்றுகூட வீணாகியிருக்காது. அக்காவின் கடைக்குப் போனபோது அந்தப் பொட்டலம் செல்லாது என்று தெரிந்திருக்கும், எடுத்துப் போட்டிருப்போம், மூலக் கோப்பெல்லாம் பத்திரமாக இருந்திருக்கும். என் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு சின்னப் பொய், அதற்கு இவ்வளவு. கையில் இருந்த காண்ட்ராக்டரின் டோக்கனைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். செல்வின் எழுந்து வந்து தேற்றவில்லை. தேற்றாததுதான் நியாயம்.

மறுநாள் அவன் மட்டும் அக்காவிடம் போனான். என்னை வர வேண்டாம் என்றான். தன் பெயரில் வந்தது, பொறுப்பு தன்னுடையது என்று மட்டும் சொல்லியிருக்கிறான். என் பெயரையோ அஜய்குமாரின் பெயரையோ எடுக்கவில்லை. கோர்ட் வாசலில் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க அக்கா அவனைக் கேட்ட கேள்வியை எதிர்க்கடைக்காரர் எனக்கு அப்படியே சொன்னார். வாசிச்சேன், வாசிச்சேன்னு சொன்னீங்களே தம்பி, எந்தக் கண்ணால வாசிச்சீங்க என்று கேட்டாராம். ஏமாற்றுக்காரன் என்றாராம். உன்னை நம்பித்தானே ஓகே தட்டினேன் என்று மண்ணை வாரித் தூற்றினாராம். செல்வின் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

அந்த மாதக் கடைசியில் கடையிலிருந்து விலகிக்கொண்டான். புதுச் சான்றிதழ் வாங்கவில்லை. அடுத்து வந்த பதிப்பு கையெழுத்து இல்லாததை உள்ளேயே விடுவதில்லை. ஒவ்வொரு கடையாகப் புதுப் பதிப்புக்கு மாற மாற 'மாற்றி' நின்றுகொண்டே வந்தது. பழையதைத் திறக்கத் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து டைப் அடிக்கிறார்கள். ஜோதிலட்சுமி அக்கா ஆறு மாதம் இழுத்துப் பார்த்தார். பழைய கோப்பு இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? கடையை மூடிவிட்டு ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். செல்வின் இப்போது போடியில் அப்பாவின் பாத்திரக்கடையில் இருக்கிறான்.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் அக்கா எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். போன மாதம் ஒரு நாள் மத்தியானம் அந்த வக்கீல் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம் போட்டது, ஒரு தடவைதான் என்று சொன்னது, மின்தடை அன்று வாசலில் நின்று கேட்டும் பேசாமல் இருந்தது. திட்டுவார், செருப்பைக் கழற்றுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அக்கா டப்பாவை மூடிப் பையில் வைத்தார். வக்கீலிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். "நட, போடிக்குப் போவோம்" என்றார்.

தேவாரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம்.

கடையில் செல்வின் யாருக்கோ இட்லிக் கொப்பரை காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஸ்டூல் எடுத்துப் போட்டான். அக்கா உட்காரவில்லை.

"தம்பி, அன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல வச்சு ஒங்கள வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். இவன்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேட்டது என்னயத்தானக்கா. வாசிச்சேன்னு சொன்னது நாந்தான. கரண்டு வந்தப் பெறகு ஒருக்கா வந்து தெறந்து பாத்திருக்கணும். வேலு சொல்லிட்டானேன்னு பாக்கல." கொப்பரையைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தான். "நான் வாசிக்காம ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதாங்க்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நின்ற இடத்தில் அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது. செல்வின் என் பக்கம் திரும்பி உமாதேவி எப்படி இருக்கிறாள், அஜய்குமாருக்கு ஏதும் வேலை கிடைத்ததா என்று விசாரித்தான். திருப்பூரில் இருக்கிறான் என்றேன். நல்லது என்றான். நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். மறுபடி சான்றிதழ் எடு, நான் அந்தப் பக்கமே வர மாட்டேன், அறுபத்து மூன்று கடையிலும் உனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றேன்.

"பேரு போட்டுக் குடுத்துரலாம் வேலு. இது நல்லதாப்பான்னு யாராச்சும் கேட்டா, மறுபடி நான் வாசிச்சேன்னு எந்த வாயால சொல்ல?"

கடைக்கு ஆள் வந்தது. அவன் அந்தப் பக்கம் போனான்.

திரும்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. ஜோதிலட்சுமி அக்கா டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். உத்தமபாளையம் வந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.